பூக்குழிக் கரையில் நாகலெட்சுமி

நொச்சியேந்தலுக்குள் நாகலெட்சுமியின் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டுவிட்டால் போதும், பாதி ஆம்பளைகள் கொல்லைப்பக்கம் நழுவிவிடுவார்கள். அவள் போலீசும் இல்லை, வரி வசூலுக்கு வருகிறவளும் இல்லை. திருப்புல்லாணிக்கு மேற்கே இருக்கிற நாலைந்து ஊர்களுக்கு வீடு வீடாகப் போய், விரல் நுனியில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, சுகர் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டு வருவது அவள் வேலை. "குத்துற அக்கா வருது" என்று தெருமுனையில் ஒரு குரல் கிளம்பும். அவ்வளவுதான். சாமி கும்பிடுக்கு ஒரே வீச்சில் கிடா வெட்டுகிற ஆள், வைக்கோல் படப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார். இவள் விடுவாளா? வாசலில் நின்றபடி ஊருக்கே கேட்கிற மாதிரி, "கெடா கூட இம்புட்டு ஓடாதேண்ணே" என்பாள். படப்புக்குப் பின்னாலிருந்து ஆள் எழுந்து வந்து விரலை நீட்டிவிடுவார்.

சுகரைப் பணக்கார வியாதி என்று சொன்ன காலம் மலையேறிப் போயிற்று. இன்றைக்குக் கருவேல விறகு வெட்டுகிறவனுக்கும் சுகர், நூறுநாள் வேலைக்குப் போகிற பெண்ணுக்கும் சுகர். மழை பொய்த்தால் வயலில் வேலை கிடையாது. வேலை இல்லை என்றால் டீக்கடைதான். மூன்று வேளையும் அரிசிச் சோறு, நடுவில் போகவர டீ, அதற்கு மேல் யார் வீட்டு விசேஷத்திலோ கேசரி. வியாதி வராமல் என்ன செய்யும்? வந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மாத்திரை சாப்பிட்டால்தான் வியாதி என்று இவர்களுக்கு ஒரு நினைப்பு. நாகலெட்சுமி கொடுத்த மாத்திரை அட்டை அரிசிப் பானைக்குள் கிடக்கும், சாமி படத்துக்குப் பின்னால் கிடக்கும், வாய்க்குள் மட்டும் போயிருக்காது. அவள் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்து, எதிரே நின்று விழுங்க வைத்துவிட்டுத்தான் நகருவாள். ஊருக்குப் பிரிகிற விலக்கு ரோட்டில் டீக்கடை வைத்திருக்கும் காதர் மைதீனிடம் ஓயாமல் பேசிப் பேசி, சர்க்கரை போடாத டீயைத் தனியாகப் போட வைத்தவளும் அவள்தான். அவர் கடையில் இன்றைக்கும் அதற்கு 'லெச்சுமி டீ' என்றுதான் பெயர். வேண்டுமென்றே முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பார்கள், ஆனால் குடிப்பார்கள்.

இப்படி ஊரையே விரட்டிப் பிடித்தவளுக்குத் தன் கூடப்பிறந்த அண்ணனைப் பிடிக்கத்தான் முடியவில்லை.

அண்ணன் பெயர் முனியசாமி. ஐம்பது வயதைத் தாண்டியவர். நாகலெட்சுமியை உள்ளூரிலேயே வீரமணிக்குக் கட்டிக் கொடுத்ததால் அண்ணன் வீடும் அவள் வீடும் கூப்பிடு தூரம். முனியசாமிக்கு மிளகாய் வெள்ளாமை. கருக்கலில் மிளகாய்க் கொல்லைக்குப் போனால் பொழுது சாயத்தான் திரும்புவார். ஊரில் அவருக்கு அதைவிடப் பெரிய பேர் ஒன்று உண்டு. பங்குனி மாதம் மாரியம்மன் பூக்குழியில் முதல் ஆளாக இறங்குவது அவர்தான். அவர் இறங்கிய பிறகுதான் மற்றவர்கள் இறங்கலாம். அவருக்கு முன்னால் அவரைப் பெற்ற அய்யா இறங்கினார். தாயார் இல்லாத வீட்டில் தங்கச்சிக்குத் தலைசீவிப் பள்ளிக்கூடம் அனுப்பியவர் முனியசாமிதான். அவர் என்றால் நாகலெட்சுமிக்கு உயிர்.

போன வருஷத்துப் பூக்குழியை ஊர் இன்னும் பேசுகிறது. எல்லோரும் நெருப்பில் கால் பட்டதும் ஓட்டமும் நடையுமாகக் கடப்பார்கள். முனியசாமி நடந்தார். நடந்ததுகூடப் பெரிதில்லை, குழியின் நடுவில் நின்றார். நின்று, அவிழ்ந்துபோன வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சாவகாசமாகக் கரையேறினார். சுட்டதா என்று கேட்டதற்கு, "பூவு மேல நடந்தாப்புல இருந்துச்சு" என்றார். ஜனங்கள் அவர் காலில் விழுந்தார்கள். ஆத்தா இறங்கிவிட்டாள் என்றார்கள். கூட்டத்திலேயே ஓங்கிக் குலவை போட்டவள் நாகலெட்சுமிதான். தினமும் சுகர் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு திரிகிறவளுக்கு அந்த நேரத்தில் அது எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. அண்ணனுக்கு நாலைந்து வருஷமாகச் சுகர் இருப்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். அருள் என்று ஊரே சொல்லும்போது, அவளும் அந்த ஊர்க்காரிதானே.

அதற்குப் பிறகு ஒருநாள் மதினி பூமயில், வீட்டுக்குள் எலி செத்துக் கிடக்கிறது, நாற்றம் தாங்கவில்லை என்று பரணிலிருந்த சாமான்களை எல்லாம் இறக்கிப்போட்டுக் கொண்டிருந்தாள். நாகலெட்சுமியும் போய் நெல் மூட்டைகளை நகர்த்திப் பார்த்தாள். எலி எங்கேயும் இல்லை. கட்டிலில் படுத்திருந்த அண்ணனைத் தாண்டி நடந்தபோதுதான் அவளுக்குச் சட்டென்று உறைத்தது. அவர் பாதத்தைத் திருப்பினாள். அடிப்பாதம் வெந்து, புண்ணாகி, சுண்டுவிரல் பக்கம் கறுத்துக் கிடந்தது. அதன் மேல் கோவில் விபூதி பூசியிருந்தார். வலி என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வலித்தால்தானே சொல்வதற்கு.

இராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. அங்கிருந்த டாக்டரம்மா பக்குவமாகத்தான் பேசினார். சுகர் காலிலிருக்கிற நரம்பைச் சாகடித்துவிட்டது, சூடு தெரியாது, முள் குத்தினாலும் தெரியாது, இன்னொரு தரம் இப்படி வெந்தால் முழங்காலோடு எடுக்க வேண்டிவரும் என்றார். நாகலெட்சுமி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதாள். தான் போட்ட குலவையை நினைத்து நினைத்து அழுதாள்.

அழுதுவிட்டுச் சும்மா இருக்கிற ஜாதி இல்லை அவள். ஊருக்குத் திரும்பியதும் தன் வேலையின் வரிசையையே மாற்றிக்கொண்டாள். முதலில் கால், பிறகுதான் கைவிரல். வீட்டுக்குள் போனதும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எதிரே இருப்பவர் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொள்வாள். விரல் இடுக்கைப் பார்ப்பாள், குதிகால் வெடிப்பைப் பார்ப்பாள். வயசாளிகள் கூசிப்போய்க் காலை இழுத்துக்கொண்டார்கள். ஒரு பொம்பளை, அதிலும் ஊரில் பிறந்தவள், காலைத் தொடுவதா? "கல்யாணத்தன்னிக்கு மச்சினன் காலைக் கழுவி விட்டப்ப சொகமா நீட்டிக்கிட்டு இருந்தீகள்ல, இப்ப என்ன வெக்கம்?" என்று கேட்டுச் சிரிக்க வைத்துவிடுவாள். அப்படிச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே பார்த்து முடித்துவிடுவாள். அப்படி அவள் கண்ணில் பட்டுத் தப்பித்த கால்கள் எத்தனையோ. தெய்வமாகப் பார்த்து அனுப்பியவள் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். மாத்திரையை முழுங்கு, அது போதும் என்பாள்.

முனியசாமி மட்டும் மசியவில்லை. விரல் போனதற்கு அவரிடம் வேறு கணக்கு இருந்தது. விரதத்தில் எங்கேயோ குற்றம் நேர்ந்துவிட்டது, அதற்கு ஆத்தா ஒரு விரலை எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான் என்றார். புண் ஆறியது. மிளகாய்ப் பழம் பறிக்கிற காலம் வந்தது. அதன் பின்னாலேயே பங்குனியும் வந்தது.

காப்புக் கட்டுக்குச் சில நாள் முன்னால் நாகலெட்சுமி அவருக்குச் சோறு கொண்டு களத்துக்குப் போனாள். களம் முழுக்கக் குண்டு மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. அண்ணன் வெறுங்காலோடு மிளகாய்க்குள் நடந்து, காலாலேயே தள்ளித் தள்ளிப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் நடந்த தடமெல்லாம் சிவப்பு. பழத்தின் சிவப்பு என்றுதான் முதலில் நினைத்தாள். கிட்டப் போய்ப் பார்த்தால் ரத்தம். குதிகால் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் மிளகாய் விதை ஒட்டியிருந்தது. வெட்டுக் காயத்தில் மிளகாய் பட்டால் எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கத்துக் குழந்தைக்கும் தெரியும். அவளுக்குப் பார்க்கும்போதே எரிந்தது.

"அண்ணே, எரியலையா?"

அவர் குனிந்து பார்த்தார். "தீயே சுடாத காலு, மொளகாயா எரியப்போகுது?" என்றார்.

அவள் பொரிந்து தள்ளிவிட்டாள். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னாள், கெஞ்சினாள், திட்டினாள், கடைசியில் களத்திலேயே உட்கார்ந்து அழுதாள். அண்ணன் சோற்றுத் தூக்கைத் திறக்கவே இல்லை. அவர் சொன்ன பதில்தான் அவளைத் தூங்கவிடவில்லை. "நான் எறங்கலேன்னா அருள் போயிருச்சுன்னு ஊரு சொல்லும் லெச்சுமி. வெரலு போச்சு. பேரும் போகணுமா?"

அது வீம்பு இல்லை. மழையை நம்பி வெள்ளாமை வைக்கிற மனுஷனுக்கு, எந்த வருஷமும் பொய்க்காத ஒரே சொத்து அந்தப் பேர்தான். அதைப் பிடுங்கிக்கொண்டு காலை மட்டும் கையில் கொடுத்தால் அவர் வாங்கிக்கொள்ள மாட்டார் என்பது அவளுக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? காலும் வேண்டும், அண்ணனும் வேண்டும் அவளுக்கு.

காப்புக் கட்டிவிட்டவரை வாயால் சொல்லி யாரும் நிறுத்த முடியாது. அதனால் அவள் பூசாரி காளீஸ்வரனைப் போய்ப் பார்த்தாள். பூக்குழி இறங்குவதற்கு முன்னால் ஒவ்வொருவர் காலிலும் மஞ்சத்தண்ணி ஊற்றிக் கழுவ வேண்டும். ஊரில் பிறந்த பெண்தான் அதைச் செய்ய வேண்டும், அவளும் காப்புக் கட்டி விரதம் இருக்க வேண்டும். அனலுக்குப் பக்கத்தில் குனிந்தே நிற்கிற வேலை என்பதால் போட்டி கிடையாது. வருஷா வருஷம் யாரையாவது கெஞ்சித்தான் நிறுத்துவார்கள். இந்த வருஷம் நான் நிற்கிறேன் பூசாரியய்யா என்றாள். பூசாரிக்குச் சந்தோஷம். அவள் மனதில் இருந்தது வேறு. புண்ணோடு, வெடிப்போடு, மரத்துப் போன காலோடு எவன் வந்தாலும் அந்தக் கரையில் அவள் கையைத் தாண்டித்தான் போயாக வேண்டும். அண்ணனையும் அந்தக் கரையில் வைத்துக் காலைக் கட்டிக்கொண்டாவது நிறுத்திவிடலாம் என்று ஒரு நப்பாசை.

அவளுக்கு நெருப்பு என்றால் சின்ன வயதிலிருந்தே பயம். அடுப்பில் பாத்திரம் இறக்குவதற்குக்கூட இரண்டு துணி வைத்துப் பிடிப்பாள். வீரமணி அதைச் சொல்லியே கேலி செய்வார்.

பூக்குழி அன்று வெயில் தாழ்ந்ததும் நெருப்புக் கங்குகளைப் பரப்பிவிட்டார்கள். கொட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. கூட்டம் கோவிலைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றது. நாகலெட்சுமி மஞ்சள் சேலை கட்டி, வேப்பிலை போட்ட அண்டாவுக்குப் பக்கத்தில் செம்போடு நின்றாள். அனல் முகத்தில் அடித்தது. முனியசாமி முதல் ஆளாக வந்தார். தலைக்கு மேல் கைகூப்பி, கண்ணை மூடி நின்றார். அவருக்குப் பின்னால் காப்புக் கட்டியவர்கள் வரிசையாக நின்றார்கள்.

அவள் குனிந்து செம்பைச் சாய்த்தாள். மஞ்சத்தண்ணி அவர் பாதத்தில் விழுந்து, சுண்டுவிரல் இல்லாத இடத்தில் வழிந்தது. கெஞ்சுவதற்கு அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார்.

"ஊத்து லெச்சுமி."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னொரு செம்பு மொண்டு ஊற்றினாள். அன்று விடிகாலையில் கிணற்றிலிருந்து இறைத்து நிழலில் வைத்திருந்த தண்ணீர். அவள் கைக்கே சில்லென்று இருந்தது.

"ஊத்துன்னேன்ல. பூசாரி காத்துக்கிட்டு நிக்கிறாருல்ல."

அவள் கையில் செம்பு காலியாக இருந்தது. எழுந்து அவர் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனாள். கொட்டுச் சத்தத்தில் அவரும் பூசாரியும் தவிர வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

"ஊத்திட்டேன்ணே. ரெண்டு செம்பு."

முனியசாமி கண்ணைத் திறந்தார். கீழே பார்த்தார். இரண்டு பாதமும் மஞ்சளாக நனைந்து, வேப்பிலை ஒட்டிக் கிடந்தது.

"தீ சுடலேன்னா ஆத்தா அருள்னு சொன்ன. சரிண்ணே, ஒத்துக்கிறேன். ஆத்தா தண்ணி குளுரலையே. தன் தண்ணியக்கூடவா அவ ஒனக்கு இல்லேன்னு சொல்லுவா?"

முனியசாமியின் கூப்பிய கை மெதுவாக இறங்கியது. பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொட்டுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வரிசை முண்டியது. முதல் ஆள் இறங்காமல் யாரும் இறங்க முடியாது. அருள் போயிருச்சு என்கிற பேச்சு கூட்டத்தில் எந்த வாயிலிருந்து முதலில் வரப்போகிறதோ என்று நாகலெட்சுமிக்குக் கதிகலங்கியது.

பூசாரி காளீஸ்வரனும் பக்கத்தில் கேட்டுக்கொண்டுதான் நின்றார். அவரும் சுகருக்கு மூன்று வேளை மாத்திரைக்காரர். விபூதித் தட்டோடு முன்னால் வந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ஒரே வயித்துல பொறந்தவ காப்புக் கட்டி நிக்கிறா. இந்த வருசம் அவ எறங்கட்டும் முனியசாமி. அவ எறங்குனா நீ எறங்குனதுதான்."

நாகலெட்சுமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலைக் காப்பாற்ற வந்தவள் தலையிலேயே நெருப்பு விழுந்தது. ஓடிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அண்ணன் அவளைப் பார்த்தார். அவள் பயம் அவருக்குத் தெரியாதா, தூக்கி வளர்த்தவர். வேண்டாம் என்று அவர் தலையசைக்கப் போனதும் அவள் முந்திக்கொண்டாள். செம்பை அவர் கையில் கொடுத்துவிட்டு, சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். ஊசிக்குப் பயந்து ஒளிகிறவர்களை வீதியில் வைத்துக் கேலி செய்தவள், இப்போது எந்தப் படப்புக்குப் பின்னால் போய் ஒளிவது?

முனியசாமி தங்கச்சி காலில் தண்ணி ஊற்றினார். "குளுருதா?" என்று கேட்டார்.

"குளுருதுண்ணே" என்றாள். பல் தந்தியடித்தது.

அவள் இறங்கினாள். எப்படிக் கடந்தாள் என்று பிற்பாடு எத்தனை பேர் கேட்டும் அவளால் சொல்ல முடிந்ததில்லை. ஆத்தா, ஆத்தா என்று கத்திக்கொண்டு ஓடியது மட்டும் தெரியும். கரையேறி, மிதித்த காலை நனைக்கப் பால் ஊற்றி வைத்திருக்கும் பால்குழியில் விழாத குறையாக நின்றபோதுதான், கூட்டம் குலவை போடுவது காதில் விழுந்தது. அதில் மதினி பூமயிலின் குலவை தனியாகக் கேட்டது.

அந்தக் கரையில் முனியசாமி செம்பை யாரிடமும் கொடுக்கவில்லை. அடுத்து வந்தவர் காலிலும் அவரே ஊற்றினார், அவரிடமும் அதையே கேட்டார். குளுருதா? இது என்ன புதுக் கேள்வி என்று முதலில் சிரித்தார்கள். குளுருது என்று சொன்னவர்கள் இறங்கினார்கள். மிளகாய் மண்டிக்கு லோடு ஓட்டுகிற மாரீஸ்வரன் வந்து கண்ணை மூடி நின்றான். தண்ணி ஊற்றிக் கேட்டால் பேச்சில்லை. மறுபடி ஊற்றினார். அவன், "இன்னும் ஊத்தலையே பெரியப்பா" என்றான். முனியசாமி அவன் தோளைப் பிடித்துத் தனக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். "இங்கனயே நில்லுலே. ஆத்தா ஒனக்கும் எனக்கும் கரைதான்னு சொல்லிட்டா. நாளைக்கு லெச்சுமிகிட்டப் போவோம்." முதல் பூ மிதிக்கிற ஆள் சொன்ன பிறகு அதற்கு மேல் யார் என்ன பேசுவது? அருள் போயிற்று என்று சொல்ல ஒரு வாயும் திறக்கவில்லை.

எல்லோரும் இறங்கி முடித்து, கங்கின் மேல் சாம்பல் பூத்த பிறகு, முனியசாமி அண்டாவில் மிச்சம் கிடந்த தண்ணியைச் செம்பில் மொண்டுகொண்டு, குழியைச் சுற்றித் தாங்கித் தாங்கி நடந்து வந்தார். நாகலெட்சுமி பால்குழிக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாதத்தில் இரண்டு இடத்தில் கொப்புளம் கண்டிருந்தது. அவர் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அவள் ஊரார் கால்களை எடுத்து வைத்துக்கொள்வாளே, அதே மாதிரி அவள் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"சுட்டுச்சா லெச்சுமி?"

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "சுட்டுச்சுண்ணே. ரொம்பச் சுட்டுச்சு."

முனியசாமி கொப்புளத்தின் மேல் தண்ணியை மெல்ல ஊற்றினார். அவள் வலியில் காலை இழுத்துக்கொண்டாள். அவர் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"குடுத்து வச்சவ நீ."